விலா எலும்புக் காயத்திற்குப் பின் நீடிக்கும் வலி: வீட்டில் எப்படிக் கவனிப்பது, எப்போது மருத்துவரிடம் செல்வது – முழுமையான வழிகாட்டி

விலாவில் அடிபட்டவர் கேட்கும் முதல் கேள்வி, "இந்த வலி எத்தனை நாள் இருக்கும்?" என்பதுதான். அதற்கு வாரக் கணக்கில் ஒரு விடை உண்டு. அதைக் கீழே சொல்கிறேன். ஆனால் நாட்களின் எண்ணிக்கையைவிட முக்கியமானவை இரண்டு உள்ளன. வலி வாரத்திற்கு வாரம் குறைகிறதா என்பது ஒன்று. அடிபட்டவரால் நெஞ்சு நிறைய மூச்சு இழுக்க முடிகிறதா என்பது மற்றொன்று. ஐந்தாவது வாரத்திலும் வலி மிச்சமிருந்து, அது சென்ற வாரத்தைவிடக் குறைவாக இருந்தால் பெரும்பாலும் அஞ்ச வேண்டியதில்லை. ஐந்தாவது நாளிலேயே மூச்சு முட்டத் தொடங்கினால், விலாவலி என்றால் இப்படித்தான் இருக்கும் என்று பொறுத்துக்கொண்டு வீட்டில் இருப்பது ஆபத்தானது. இந்த வழிகாட்டி மருத்துவப் பரிசோதனைக்கு மாற்று அல்ல. அந்தப் பரிசோதனை எப்போது தேவை, அதுவரையும் அதன் பிறகும் என்ன செய்வது என்பதை வரிசையாகச் சொல்வதே இதன் நோக்கம்.

படி 1: உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நிலையா என்று பாருங்கள்

மற்ற எல்லாவற்றுக்கும் முன்பாக இதைச் சரிபார்க்க வேண்டும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, ஒரு வாக்கியத்தை இடையில் நிறுத்தாமல் பேச முடியாதது, உதடும் நகமும் நீலம் பூப்பது, இருமும்போது இரத்தம் வருவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். முறிந்த எலும்பின் முனை நுரையீரலைக் குத்தினால், நுரையீரலுக்கும் மார்புச் சுவருக்கும் நடுவே காற்றோ இரத்தமோ சேர்ந்து நுரையீரலை அழுத்தும். அப்படிக் கசியும் காற்று சில நேரங்களில் தோலுக்கடியில் பரவும். அப்போது கழுத்திலோ மார்பிலோ விரலால் அழுத்தினால் நொறுநொறுவென்ற உணர்வு தெரியும். மூச்சை உள்ளே இழுக்கும்போது மார்பின் ஒரு பகுதி மட்டும் மேலெழாமல் உள்ளே அமுங்கினால், அடுத்தடுத்த மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட விலா எலும்புகள் ஒவ்வொன்றும் இரண்டு இடங்களில் முறிந்திருக்கலாம். அது உயிருக்கு ஆபத்தான நிலை.

விலாக்கூட்டின் கீழ்ப்பகுதி மார்பை மட்டும் காப்பதில்லை. இடப்பக்கக் கீழ் விலா எலும்புகளுக்குப் பின்னால் மண்ணீரலும், வலப்பக்கத்தில் கல்லீரலும், முதுகுப்புறமாக இருபுறமும் சிறுநீரகங்களும் இருக்கின்றன. எனவே கீழ் விலாவில் அடிபட்டவருக்கு வயிற்று வலி, வயிறு இறுகிப்போவது, தலைச்சுற்றல், மயக்கம், குளிர்ந்த வியர்வை, சிறுநீரில் இரத்தம் ஆகியவற்றில் எது தோன்றினாலும் அதை விலாவலியின் பகுதியாகக் கருதிவிடக் கூடாது. தோளில் அடியே படாமல் இடது தோளின் நுனியில் வலி எடுத்தால் மண்ணீரலிலிருந்து இரத்தம் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். வலது தோளில் எடுத்தால் கல்லீரலைக் கவனிக்க வேண்டும்.

இந்த அறிகுறிகள் முதல் நாளுக்கு மட்டும் உரியவை என்று பலர் எண்ணுகிறார்கள். அந்த எண்ணத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். மார்புக்குள் இரத்தம் சேர்வது சில நாட்கள் கழித்தும், சிலருக்கு இரண்டு வாரங்கள் வரை தாமதித்தும் தெரியவரலாம். மண்ணீரல் கசிவும் அப்படித் தாமதமாக வெளிப்படுவதுண்டு. முதல் நாள் எடுத்த எக்ஸ்ரே சரியாக இருந்தது என்பதால் எட்டாம் நாள் வரும் மூச்சுத்திணறலைப் புறக்கணிக்கலாகாது. ஒரு காலின் கெண்டைச்சதை வீங்கி வலிப்பதும், கூடவே மூச்சு வாங்குவதும் சேர்ந்து வந்தால், அதிகம் அசையாமல் படுத்திருந்ததால் காலில் உறைந்த இரத்தக் கட்டி நுரையீரலுக்குச் சென்றிருக்கக்கூடும். கை, தாடை, கழுத்து ஆகியவற்றுக்குப் பரவும் அழுத்தமான நெஞ்சுவலி மாரடைப்பாக இருக்கலாம். விலாவில் அடிபட்டவருக்கும் மாரடைப்பு வரலாம் என்பதை மறக்கக் கூடாது.

வாகன விபத்து, உயரத்திலிருந்து விழுதல், கனமான பொருளுக்கடியில் நசுங்குதல் போன்ற பலத்த அடியாக இருந்தால், அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் அன்றே பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

படி 2: அடிபட்டவர் யார் என்பதைக் கணக்கில் எடுங்கள்

ஒரே அடி எல்லோருக்கும் ஒரே அளவு ஆபத்தல்ல. 65 வயதைக் கடந்தவர்களுக்கு ஒரு விலா எலும்பு முறிந்தாலும் நிமோனியா வரும் வாய்ப்பு கூடுகிறது. முறிந்த எலும்புகளின் எண்ணிக்கை ஏற ஏற அந்த ஆபத்தும் ஏறுகிறது. ஆகவே முதியவர் குளியலறையில் வழுக்கி விழுந்து விலாவைப் பிடித்துக்கொண்டால், அவர் "ஒன்றுமில்லை" என்று சொன்னாலும் மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே சரி. ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் நோய், இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கும் இது பொருந்தும். இரத்தம் உறையாதிருக்க மருந்து எடுப்பவர்களுக்குச் சிறிய காயத்திலிருந்தும் இரத்தம் தொடர்ந்து கசியக்கூடும் என்பதால், வலி குறைவாக இருந்தாலும் அவர்கள் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

குழந்தைகளின் விலா எலும்புகள் வளையும் தன்மை கொண்டவை. எளிதில் முறியா, அதனாலேயே எலும்பு முறியாமல் உள்ளே நுரையீரல் மட்டும் காயப்படுவதும் உண்டு. குழந்தையின் விலா எலும்பு முறிந்திருக்கிறது என்றால் விழுந்த விசை பெரிது என்று பொருள். மார்பில் பலமாக அடிபட்ட குழந்தையை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வோம் என்று முடிவெடுக்க வேண்டாம்.

படி 3: காயத்தின் வகையையும் அது ஆறும் காலத்தையும் தெரிந்துகொள்ளுங்கள்

மனிதருக்கு 12 இணை விலா எலும்புகள் இருக்கின்றன. மேலுள்ள ஏழு இணைகள் குருத்தெலும்பின் வழியாக நேரடியாக மார்பெலும்பில் சேர்கின்றன. 8 முதல் 10 வரையிலானவை தமக்கு மேலுள்ள குருத்தெலும்பில் சேர்கின்றன. கடைசி இரண்டு இணைகள் முன்புறம் எதிலும் சேராமல் நிற்கின்றன. அடிபடும்போது தசை கன்றிப்போகலாம், எலும்பில் விரிசல் விழலாம், எலும்பு முறிந்து விலகலாம், குருத்தெலும்பு கிழியலாம். நான்கிலும் வலி ஏறக்குறைய ஒரே மாதிரியாகவே இருக்கும் என்பதால், வலியின் கடுமையை மட்டும் வைத்து எது நேர்ந்தது என்று சொல்ல இயலாது.

தசையும் தோலும் மட்டும் கன்றியிருந்தால் பொதுவாக 2 முதல் 4 வாரங்களில் வலி அடங்கும். எலும்பு முறிவு கூடிவர ஏறத்தாழ 6 வாரங்கள் ஆகும்; அதன் பிறகும் பாரம் தூக்கும்போதோ திடீரெனத் திரும்பும்போதோ எடுக்கும் மந்தமான வலி 12 வாரங்கள் வரை நீடிப்பது இயல்பே. குருத்தெலும்புக்கு இரத்த ஓட்டம் மிகக் குறைவு; ஆகையால் அது ஆறுவதற்கு எலும்பைவிட அதிகக் காலம் எடுத்துக்கொள்ளலாம். மார்பெலும்பை ஒட்டி, முன்புறத்தில் அடிபட்டவர்கள் இதை மனதில் வைத்துக்கொண்டால் தேவையற்ற கலக்கம் குறையும்.

ஏன் இவ்வளவு தாமதம் என்றால், காலோ கையோ முறிந்தால் மாவுக்கட்டுப் போட்டு அசையாமல் வைக்க முடியும். விலாவை அப்படி வைக்க முடியாது. ஓய்வாக இருக்கும் ஒருவர் நிமிடத்திற்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார். அதாவது ஒரு நாளில் ஏறக்குறைய 20,000 முறை அந்தக் காயம் அசைகிறது. அத்துடன் ஒவ்வொரு விலா எலும்பின் கீழ்விளிம்பிலும் ஒரு நரம்பு ஓடுகிறது. எலும்பின் காயம் அதையும் சீண்டுவதால்தான் சிறிய விரிசலுக்கும் அவ்வளவு கூர்மையான வலி எழுகிறது.

வலியின் போக்கை அறிய ஒரு குறிப்பேடு போதும். தினமும் ஒரே நேரத்தில், சும்மா இருக்கும்போது எவ்வளவு, ஆழமாக மூச்சு இழுக்கும்போது எவ்வளவு, இருமும்போது எவ்வளவு என்று மூன்று எண்களை 0 முதல் 10 வரையிலான அளவில் எழுதுங்கள். நேற்றையும் இன்றையும் ஒப்பிட வேண்டாம்; முதல் சில நாட்களில் வலி சற்றுக் கூடுவதும், சற்று அதிகமாக வேலை செய்த மறுநாள் வலி ஏறுவதும் வழக்கம். சென்ற வாரத்தையும் இந்த வாரத்தையும் ஒப்பிடுங்கள்.

படி 4: மூச்சைக் காப்பாற்றுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் ஒருவர் பின்பற்றுவார் என்றால், அது இதுவாக இருக்க வேண்டும் என்பேன். விலாவலி உள்ளவர் தன்னையறியாமல் மேலோட்டமாக மூச்சு விடுகிறார், இருமலை அடக்குகிறார். அதனால் நுரையீரலின் அடிப்பகுதிக்குக் காற்று போதிய அளவு செல்லாமல் அங்குள்ள சிற்றறைகள் சுருங்குகின்றன; வெளியேறாத சளி அங்கே தேங்குகிறது; தேங்கிய சளியில் கிருமிகள் பெருகி நிமோனியாவாகிறது. விலா எலும்பு முறிந்தவர்களில் பலரைப் பின்னாளில் படுக்கையில் தள்ளுவது முறிவு அல்ல; இந்த நிமோனியாதான்.

விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கு ஒரு முறை நிமிர்ந்து உட்காருங்கள். மூக்கின் வழியாக மெதுவாக, இயன்ற அளவு ஆழமாக மூச்சை இழுத்து, இரண்டு அல்லது மூன்று விநாடிகள் நிறுத்தி, வாய் வழியாக மெல்ல விடுங்கள். இதைப் பத்து முறை செய்ய வேண்டும். தலை சுற்றினால் நடுவே சற்று நிறுத்தித் தொடரலாம். மூச்சுப் பயிற்சிக்கான ஸ்பைரோமீட்டர் கருவியை மருத்துவர் கொடுத்திருந்தால், அதில் எட்டும் அளவையும் குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். நாளுக்கு நாள் அந்த அளவு ஏறினால் நல்லது; இறங்கத் தொடங்கினால் மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும்.

இருமல் வரும்போது அடக்க வேண்டாம். ஒரு தலையணையையோ மடித்த போர்வையையோ வலிக்கும் இடத்தில் வைத்து, இரு கைகளாலும் உறுதியாக அணைத்துக்கொண்டு இருமுங்கள். தும்மலுக்கும் சிரிப்புக்கும் இதே வழிதான். இருமலை நிறுத்தும் மருந்துகளை மருத்துவர் சொல்லாமல் குடிக்கக் கூடாது.

மார்பைச் சுற்றித் துணியாலோ பெல்ட்டாலோ இறுகக் கட்டும் பழக்கம் இன்றும் இருக்கிறது. கட்டினால் வலி சற்றுக் குறைவது உண்மைதான். ஆனால் மூச்சின் ஆழமும் அதோடு குறைந்துவிடுகிறது. அதனால் மருத்துவர்கள் இதைப் பரிந்துரைப்பதைக் கைவிட்டு நெடுங்காலமாகிறது. புகைபிடிப்பவர்கள் இந்தக் காலத்திலாவது நிறுத்த வேண்டும். புகை சளியைப் பெருக்குவதோடு எலும்பு கூடுவதையும் தாமதப்படுத்துகிறது.

படி 5: வலி மருந்தைத் தயங்காமல், அளவறிந்து எடுங்கள்

வலியைத் தாங்கிக்கொள்வது வலிமையின் அடையாளம் என்று மருந்தைத் தவிர்ப்பவர்கள் பலர். விலாக் காயத்தில் வலி மருந்தின் முதன்மையான பயன் ஆழமாக மூச்சு விடவும் இருமவும் முடிவதே. ஆகவே முதல் சில நாட்களில் வலி உச்சத்திற்குப் போனபின் எடுப்பதைவிட, சீரான இடைவெளியில் எடுப்பது பயன் தரும்.

பெரும்பாலும் தொடங்குவது பாரசிட்டமாலில்தான். நலமாக உள்ள பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு 500 முதல் 1,000 மில்லிகிராம் வரை, குறைந்தது 4 முதல் 6 மணி நேர இடைவெளியில் எடுக்கலாம். 24 மணி நேரத்தில் 4,000 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கல்லீரல் நோய் உள்ளவர்கள், மது அருந்துபவர்கள், உடல் எடை மிகக் குறைந்தவர்கள் ஆகியோருக்கு இந்த உச்ச அளவே அதிகம் என்பதால் அவர்கள் மருத்துவரைக் கேட்டே எடுக்க வேண்டும். சளி, காய்ச்சல் மாத்திரைகள் பலவற்றிலும் பாரசிட்டமால் கலந்திருக்கிறது. அதையும் கூட்டிக் கணக்கிடுங்கள். இபுப்ரோஃபென் போன்ற மருந்துகள் வலியை நன்றாகக் குறைக்கும் என்றாலும், இரைப்பைப் புண், சிறுநீரகக் கோளாறு, இதய நோய் உள்ளவர்களும், இரத்தம் உறையாதிருக்க மருந்து எடுப்பவர்களும், கர்ப்பிணிகளும் தாமாக எடுக்கக் கூடாதவை. ஆஸ்துமா உள்ள சிலருக்கு அவை மூச்சிரைப்பைத் தூண்டும்.

கடும் வலிக்கு மருத்துவர் ஓபியாய்டு வகை மருந்தை (மார்ஃபின் போன்ற வலுவான வலி மருந்தை) எழுதிக் கொடுத்தால், அதைச் சொன்ன அளவுக்குமேல் ஒரு மாத்திரைகூட எடுக்கக் கூடாது. அது தூக்கத்தைத் தந்து மூச்சை மந்தமாக்கும். மதுவோடும் தூக்க மாத்திரையோடும் சேர்ந்தால் ஆபத்து பன்மடங்காகும். மலச்சிக்கலும் வரும், முக்கும்போது விலா வலிக்கும் என்பதால் நார்ச்சத்தும் தண்ணீரும் போதிய அளவு சேர்த்துக்கொள்ள வேண்டும். மாத்திரைகளால் மூச்சு விடும் அளவுக்கு வலி அடங்காதபோது, மருத்துவமனையில் விலா நரம்பைச் சுற்றி மரத்துப்போகும் ஊசி போடும் வழியும் இருக்கிறது.

முதல் இரண்டு மூன்று நாட்களில் பனிக்கட்டியைத் துணியில் சுற்றி ஒரு முறைக்கு 15 முதல் 20 நிமிடங்கள் வரை வைக்கலாம். பனிக்கட்டி நேரடியாகத் தோலில் படக் கூடாது. வலிக்கும் இடத்தை அழுத்தித் தேய்ப்பதும் நீவிவிடுவதும் வேண்டாம். முறிந்த எலும்பு அதனால் விலகக்கூடும்.

படி 6: படுக்கை, நடை, வேலை

முதல் வாரங்களில் மல்லாந்து முழுவதும் படுப்பதைவிட, தலையணைகளை அடுக்கிச் சாய்ந்த நிலையில் உறங்குவது எளிதாக இருக்கும். எழும்போது நேராக எழ முயலாமல், முழங்கால்களை மடக்கி, உடல் முழுவதையும் ஒருசேரப் பக்கவாட்டில் திருப்பி, கால்களைக் கட்டிலிலிருந்து கீழே இறக்கிக்கொண்டே கையை ஊன்றி எழுங்கள். பகலில் படுத்தே கிடக்க வேண்டாம். வீட்டுக்குள் நடப்பது நுரையீரலுக்கும் நல்லது, காலில் இரத்தம் உறைவதையும் தடுக்கும். தோள்களை மெதுவாகச் சுழற்றுவது மேல்முதுகு இறுகிப்போகாமல் காக்கும்.

பாரம் தூக்குவது, தள்ளுவது, இழுப்பது ஆகியவற்றைக் குறைந்தது ஆறு வாரங்களுக்குத் தவிர்க்க வேண்டும். வலியின்றி உடலைத் திருப்பிப் பார்க்கவும் திடீரெனப் பிரேக் பிடிக்கவும் முடியும்வரை வாகனம் ஓட்டக் கூடாது. தூக்கம் தரும் மருந்து எடுக்கும்போதும் ஓட்டக் கூடாது. உடலோடு உடல் மோதும் விளையாட்டுகளுக்கு மருத்துவர் அனுமதித்த பிறகே திரும்ப வேண்டும். நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்ந்திருந்தவர்கள், அது முழுவதும் வடிந்தது உறுதியாகி மருத்துவர் சொல்லும் இடைவெளி கழிந்த பின்னரே விமானத்தில் ஏறலாம்.

படி 7: ஆம்புலன்ஸ் தேவையில்லை, ஆனால் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்ற நிலை எது?

காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டாலோ, இருமலில் மஞ்சள் அல்லது பச்சை நிறச் சளி வந்தாலோ அன்றே மருத்துவரைப் பாருங்கள். நிமோனியாவின் தொடக்கமாக இருக்கலாம். முதியவர்களுக்குக் காய்ச்சல் இல்லாமலேயே, சோர்வும் குழப்பமான பேச்சும் பசியின்மையும் மட்டுமே அறிகுறியாக வருவதுண்டு. மருந்து எடுத்தும் ஆழமாக மூச்சு இழுக்க முடியவில்லை என்றாலும், வலி உறங்கவிடவில்லை என்றாலும் அடுத்த ஓரிரு நாட்களில் செல்ல வேண்டும். இரண்டு மூன்று வாரங்கள் கழிந்தும் குறிப்பேட்டின் எண்கள் இறங்கவே இல்லை, அல்லது இறங்கியவை மீண்டும் ஏறுகின்றன என்றால் அதுவும் போதிய காரணமே.

இன்னொன்று பலர் கவனிக்காமல் விடுவது. பெரிய அடி எதுவும் படாமல், ஒரு பலத்த இருமலிலோ, கட்டிலில் புரண்டபோதோ விலா எலும்பு முறிந்தது என்றால், எலும்பு ஏன் அவ்வளவு வலுவிழந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். எலும்புத் தேய்மானம் எனப் பலரும் சொல்லும் ஆஸ்டியோபோரோசிஸ் முதல் எலும்பைத் தாக்கும் புற்றுநோய் வரை காரணங்கள் இருக்கலாம். இரவில் ஓய்விலும் ஓயாத வலி, காரணமின்றி எடை குறைதல், முன்பு புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவராக இருத்தல் ஆகியவை சேர்ந்தால் தாமதிக்க வேண்டாம்.

உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாக எரிச்சலும் வலியும் எடுத்து, சில நாட்களில் அதே இடத்தில் கொப்புளங்கள் தோன்றினால், அது பழைய காயத்தின் வலி அல்ல, அக்கி. கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்திற்குள் மருந்து தொடங்கினால் பலன் அதிகம்.

எக்ஸ்ரே குறித்துச் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு. விலகாத விரிசல்களில் பல மார்பு எக்ஸ்ரேயில் தெரிவதில்லை. குருத்தெலும்புக் காயம் தெரியவே தெரியாது. எக்ஸ்ரே எடுப்பதன் முதன்மையான நோக்கம் நுரையீரலுக்கு ஏதேனும் நேர்ந்திருக்கிறதா என்று பார்ப்பதே. ஒன்றிரண்டு எலும்புகளில் விரிசல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீட்டுச் சிகிச்சை ஒன்றுதான். எனவே எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்ற சொல்லை, வலி பொய் என்று யாரும் பொருள்கொள்ள வேண்டாம். ஐயம் வலுவாக இருந்தால் மருத்துவர் சி.டி. ஸ்கேனோ அல்ட்ராசவுண்டோ எடுக்கச் சொல்வார்.

படி 8: மூன்று மாதங்களைக் கடந்தும் வலி நீடித்தால்

இந்த நிலையில் வலியின் தன்மையே காரணத்தைச் சுட்டும். மார்பெலும்பை ஒட்டிய இடத்தை அழுத்தினால் வலித்தால், விலா எலும்பும் குருத்தெலும்பும் சேரும் இடத்தில் அழற்சி இருக்கலாம். விலாக்கூட்டின் கீழ்விளிம்பில், குனியும்போதோ திரும்பும்போதோ ஏதோ நழுவுவது போலவும் சொடுக்குவது போலவும் இருந்தால், 8 முதல் 10 வரையிலான விலா எலும்புகளில் ஒன்றின் குருத்தெலும்பு நுனி தளர்ந்து அருகிலுள்ள நரம்பை உரசக்கூடும். ஸ்கேன்களில் இது எளிதில் பிடிபடாததால், கையால் விலா விளிம்பைப் பற்றி மெல்ல முன்னிழுத்துப் பார்க்கும் சோதனையை மருத்துவர் செய்வார். முதுகிலிருந்து விலாவைச் சுற்றி முன்னோக்கி ஓடும் எரிச்சலும், மின்னதிர்வு போன்ற வலியும், துணி பட்டாலே கூசுவதும் நரம்பு வலியின் அறிகுறிகள். இதற்குச் சாதாரண வலி மாத்திரைகள் அதிகம் உதவுவதில்லை, நரம்பு வலிக்கென உள்ள மருந்துகளோ ஊசியோ தேவைப்படும். முறிந்த இடத்திலேயே அசைவும் சொடுக்கும் தெரிந்தால் எலும்பு கூடாமல் நின்றிருக்கலாம். அதைச் சி.டி. ஸ்கேனில் உறுதிசெய்து, தகுந்தவர்களுக்குத் தகடு வைத்து இணைக்கும் அறுவைச் சிகிச்சை செய்கிறார்கள்.

இவற்றில் எதுவும் இல்லாமல் வலி தொடர்வதும் உண்டு. மாதக்கணக்கில் வலியைத் தவிர்த்தே அசைந்த உடலில் முதுகுத் தண்டோடு விலா சேரும் மூட்டுகள் இறுகி, சுற்றியுள்ள தசைகள் தளர்ந்துவிடுகின்றன. இவர்களுக்கு இயன்முறை மருத்துவரின் பயிற்சிகள் நல்ல பலன் தருகின்றன.

மருத்துவரிடம் போகும்போது, அடிபட்ட தேதியையும் விதத்தையும், எடுக்கும் மருந்துகள் அனைத்தின் பெயரையும் அளவையும், பழைய எக்ஸ்ரே படங்களையும், அந்தக் குறிப்பேட்டையும் கொண்டு செல்லுங்கள். "இன்னும் வலிக்கிறது" என்று மட்டும் சொல்லாமல், விரலால் தொட்டுக் காட்டக்கூடிய ஓரிடத்தில் வலிக்கிறதா அல்லது பட்டையாகப் பரவுகிறதா, எந்த அசைவில் எடுக்கிறது, சொடுக்குகிறதா, எரிகிறதா என்பதைச் சொல்லுங்கள். எதைத் தேட வேண்டும் என்பதை மருத்துவர் தீர்மானிக்க அந்த விவரங்கள் ஸ்கேனுக்கு முன்பே உதவும்.